விலை உயர்ந்த செஸ் செட் வாங்கலாமா? காசு எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம்

செஸ்ஸில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கும் விரிப்புமாக வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்போம். திடீரென்று ஒருநாள் கருங்காலியில் கடைந்த ஒரு செட் கண்ணில் படும். விலையைப் பார்த்ததும் மனசு பின்வாங்கும், ஆனாலும் விட்டு நகர முடியாது. சாதாரண செட்டைவிட இருபது மடங்கு, சிலவற்றில் ஐம்பது மடங்கு விலை. கட்டங்கள் அதே 64, காய்கள் அதே 32, விதிகளும் அதேதான். அப்புறம் எதற்கு இவ்வளவு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆட ஆள் இருக்கிறது, செட்டை எப்போதும் விரித்தே வைத்திருக்க ஒரு மேசையும் இருக்கிறது என்றால் நல்ல மரச் செட்டுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான செட்டும் பெட்டிக்குள்தான் கிடக்கும். செலவு செய்வது என்று முடிவான பிறகும், பணம் செதுக்கு வேலைக்கும் எடைக்கும் பலகைக்கும் போகிறதா, இல்லை மரத்தின் பெயருக்கும் வெல்வெட் வைத்த பெட்டிக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். இது விலைச்சீட்டைப் பார்த்தால் தெரியாது.

எல்லா செட்டும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும்

இன்று போட்டிகளில் பார்க்கும் காய்களுக்கு ஸ்டான்டன் வடிவம் என்று பெயர். 1849-இல் லண்டனில் நதானியேல் குக் இந்த வடிவத்தைப் பதிவு செய்தார். ஜேக்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்பு இடத்துக்கு இடம் வேறு வேறு வடிவங்கள் இருந்தன. பலவற்றில் மெல்லிய தண்டு, ஏகப்பட்ட வளையங்கள். லேசாகக் கை பட்டாலே சாய்ந்துவிடும். ராணி எது, மந்திரி எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டான்டன் செட் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அகலமான அடிப்பகுதி, தூரத்திலிருந்து பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியும் தலை. ஆட்டக்காரர்களுக்கு வேண்டியது அதுதான்.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் அளவுகளும் இந்த வடிவத்தை ஒட்டியவையே. ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. ஒவ்வொரு காயின் அடி விட்டமும் அதன் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். காய்கள் மரமாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம் என்றே ஃபிடே சொல்கிறது. அதாவது, உள்ளே எடை வைத்த நல்ல பிளாஸ்டிக் செட் ஒன்று ஆட்டத்துக்குத் தேவையான அத்தனையையும் கொடுத்துவிடும். கிளப்புக்குக் கொண்டுபோக, பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டம் ஆட, குழந்தைகள் கையில் கொடுக்க அதைவிட நல்ல செட் கிடையாது. கீழே விழுந்தால் எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். மரச் செட் வாங்கினாலும் இது ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எனவே விலை உயர்ந்த செட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு ஆட்டத்துக்கானது அல்ல. கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கும் சுகத்துக்கானது. அந்தச் சுகம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நீண்ட ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ராஜாவை எத்தனை முறை எடுத்து எடுத்து வைக்கிறோம்! ஒவ்வொரு முறையும் அந்தக் காய் கைக்கு இதமாக இருந்தால், கட்டத்தில் மெத்தென்று உட்கார்ந்தால், உட்கார்ந்து யோசிக்கவே பிடிக்கும். ஆனால் அந்தச் சுகம் விலை ஏற ஏற அதே அளவில் கூடிக்கொண்டே போவதில்லை. பிளாஸ்டிக்கிலிருந்து நல்ல நடுத்தர மரச் செட்டுக்கு மாறும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அங்கிருந்து உச்ச விலைச் செட்டுக்குப் போகும்போது தெரிவது கொஞ்சம்தான், அதற்குக் கொடுப்பதோ பல மடங்கு.

குதிரையைப் பாருங்கள்

மரச் செட்டின் தரத்தை ஒரே காயை வைத்து எடைபோடச் சொன்னால் நான் குதிரையைத்தான் எடுப்பேன். சிப்பாய், மந்திரி, யானை, ராணி, ராஜா எல்லாமே கடைசல் இயந்திரத்தில் சுழற்றிக் கடையப்படுபவை. மந்திரியின் தலையில் இருக்கும் வெட்டு, யானையின் மேல் விளிம்பு, ராணியின் கிரீடம் இவற்றை மட்டும் பிறகு செதுக்குவார்கள். குதிரையின் தலை அப்படி வராது. அதை ஓர் ஆள் உட்கார்ந்து கையால் செதுக்கியாக வேண்டும். உலகில் விற்கும் மரச் செஸ் காய்களில் பெரும்பங்கு தயாராகும் அமிர்தசரஸில் குதிரை மட்டுமே செதுக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு செட்டின் கூலியில் பெரும்பகுதி இந்த நான்கு காய்களுக்கே போய்விடும்.

மலிவான குதிரையைக் கையில் எடுத்தால் கழுத்து தடித்து, தாடை மார்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும். கண் என்பது ஒரு துளை. பிடரி மயிர் நாலு கோடு. நல்ல குதிரையில் தாடைக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி விட்டுக் குடைந்திருப்பார்கள். நாசித் துவாரம் ஆழமாக இருக்கும், வாய் சற்றுத் திறந்து பல் வரிசை தெரியும். கன்னத் தசை மேடுபட்டிருக்கும். பிடரி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலையலையாக இறங்கும். நேர் எதிரே வைத்துப் பாருங்கள். இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போகிறதா? பிறகு நான்கு குதிரைகளையும் ஒன்றாக நிறுத்துங்கள். ஒரே கை செதுக்கியது போல இருக்க வேண்டும். ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே பார்த்து நின்றால் அந்த விலை நியாயமில்லை.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்றும் முக்கியம். மேற்கத்திய பிராண்டுகள் பலவும் காய்களை அமிர்தசரஸில் செய்து வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. பிராண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். தேறாத காய்களைக் கழித்துவிட்டு அனுப்புவது, உடைந்தால் மாற்றித் தருவது போன்றவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு செட்டின் குதிரைகளும் ஒரே தரத்தில் இருந்தால், பெயருக்காக இரண்டு மடங்கு கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

கருங்காலியா, சாயம் ஏற்றியதா

வெள்ளைக் காய்களுக்குப் பெரும்பாலும் பாக்ஸ்வுட் என்ற வெளிர் மரம்தான். விலை உயர்ந்த செட்டிலும் அதே, நடுத்தரச் செட்டிலும் அதே. விலையைத் தீர்மானிப்பது கறுப்புக் காய்களின் மரம். கீழ்ப்படியில் சீஷம், அடுத்து பாக்ஸ்வுட்டிலேயே கறுப்புச் சாயம் ஏற்றியது, அதற்கு மேல் ஈட்டி, படாக், உச்சியில் எபனி எனப்படும் கருங்காலி.

கருங்காலி அற்புதமான மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தி. பாலிஷ் போட்டால் கல்லைப் போலக் குளிர்ச்சியாக, வழவழப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில் ஓர் ஆழம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு பலவீனமும் இருக்கிறது: ஈரப்பதம் சட்டென்று மாறினால் விரிசல் விடும். ஈரமான தட்பவெப்பத்தில் செய்த காய், ஹீட்டரோ ஏ.சி.யோ ஓடிக் காற்று வறண்ட அறைக்கு வந்தால் ராஜாவின் தலையிலோ அடிப்பகுதியிலோ மயிரிழைக் கீறல் விழலாம். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த அபாயம் முழுக்கப் போகாது. மரத்தைப் பல வருடம் பதப்படுத்தி உலர்த்திய செட்டில் குறையும், அவ்வளவுதான். விரிசல் விட்டால் காயை மாற்றித் தருவீர்களா, எத்தனை மாதம் வரை என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட்டை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. விரிசல் தொல்லை குறைவு, எடை வைத்தால் கைக்கும் நிறைவாக இருக்கும், மேசையில் வைத்துப் பார்த்தால் கறுப்பு கறுப்புதான். வருடக்கணக்கில் ஆடினால் குதிரையின் காது, யானையின் விளிம்பு போன்ற இடங்களில் சாயம் தேய்ந்து உள்ளே இருக்கும் வெளிர் மரம் எட்டிப் பார்க்கும். குறை அது ஒன்றுதான். ஆனால் சாயம் ஏற்றியதைக் கருங்காலி என்று சொல்லி விற்றால் அது மோசடி. உற்றுப் பாருங்கள்: அசல் கருங்காலியில் ஆங்காங்கே பழுப்பு இழை ஓடலாம். சாயமோ அப்பிய மாதிரி ஒரே கறுப்பாக இருக்கும், உரசல் பட்ட இடத்தில் மட்டும் வெளுத்துத் தெரியும்.

படாக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. புதிதாக வரும்போது செக்கச்செவேலென்று இருக்கும். அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினால், வெளிச்சம் பட்டுப் பட்டு நாளடைவில் அது பழுப்பாகிவிடும். ஈட்டி மரச் செட்டை வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், அந்த மர இனம் முழுவதும் 2017 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. 2019-இல் 10 கிலோ வரையிலான முடிவுற்ற பொருட்களுக்கு விலக்கு வந்ததால் ஒரு செட் வாங்குபவருக்கு இப்போது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எடை, அளவு, பலகை

'டபுள் வெயிட்', 'டிரிபிள் வெயிட்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதற்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ராஜா எத்தனை கிராம், மொத்த செட் எத்தனை கிராம் என்று கேளுங்கள். கையில் கிடைத்தால் ஒரு காயை லேசாகச் சாய்த்து விட்டுப் பாருங்கள். அடியில் சரியாக எடை வைத்த காய் தலையாட்டி பொம்மை போல ஆடிவிட்டுத் தானே நிமிர்ந்து நிற்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணியோ தோலோ விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா, காயைக் குலுக்கினால் உள்ளே எடை ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

அளவில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சொகுசுச் செட்டுகளில் ராஜா 11 செ.மீ.க்கு மேல் இருப்பது சாதாரணம். படத்தில் கம்பீரமாகத் தெரியும். ஆனால் அதற்குக் கட்டம் 6 செ.மீ.க்கு மேல் வேண்டும். ஓரப்பட்டையும் சேர்த்தால் பலகை ஏறக்குறைய 60 செ.மீ. சதுரம் ஆகிவிடும். எதிர் மூலைக்குக் கை நீட்டும்போது நடுவில் இருக்கும் காய்கள் சட்டை நுனியில் மாட்டும். பார்த்து ரசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. ஆடுவதற்கு 9.5 செ.மீ. ராஜாவும் ஏறக்குறைய 5.5 செ.மீ. பக்கம் உள்ள கட்டமும்தான் சரி.

பலகையில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. காய்களுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கூடவே இலவசமாக வரும் மடிப்புப் பலகையில் அவற்றை நிறுத்துபவர்கள் ஏராளம். காயும் பலகையும் சேர்ந்ததுதான் செட். முழு மரக் கட்டையில் செய்த பலகைதான் உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் முழு மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், சில சமயம் வளைந்தும் போகும். மரநாரை அழுத்திச் செய்யும் நல்ல எம்.டி.எஃப். பலகையின் மேல் வால்நட், மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய தகடு ஒட்டியது சமதளமாகவே இருக்கும். தகடு ஒட்டியது என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் பாலிஷையும் தவிர்த்துவிடுங்கள். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசும். பலகை பளபளக்கக் கூடாது என்று ஃபிடேயின் விதிமுறையே சொல்கிறது. கறுப்புக் காய்களுக்குக் கறுப்புக் கட்டம் பொருத்தமாக இருக்கும் என்று சிலர் வாங்குகிறார்கள். ஆடும்போது காய் கட்டத்தோடு கலந்துவிடும். கருங்காலிக் காய்களுக்கு வால்நட்டின் பழுப்புதான் எடுப்பு.

பளிங்கு, கண்ணாடி, உலோகம்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளிங்கில் நுணுக்கமாகச் செதுக்குவது கடினம், விழுந்தால் ராஜாவின் சிலுவை முதலில் போகும். கண்ணாடிச் செட்டில் ஒரு பக்கம் தெளிவான கண்ணாடி, மறுபக்கம் மங்கலான கண்ணாடி. நாலு நகர்த்தலுக்குப் பிறகு எது யாருடையது என்றே கண் திணறும். உலோகக் காய்கள் பலகையைக் கீறும். அலங்காரப் பொருளாக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், அழகுக்கு அழகு. ஆடுவதற்கு என்றால் இந்தப் பணத்தில் அருமையான மரச் செட் வந்துவிடும்.

ஸ்டான்டன் வடிவம் சலித்துவிட்டது, ஆனாலும் ஆட வேண்டும் என்பவர்களுக்கு டுப்ரோவ்னிக் செட்டைச் சொல்வேன். 1950-இல் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்காக உருவாக்கியது. ராஜாவின் தலையில் சிலுவை கிடையாது, கோடுகள் எளிமை, அடி அகலம். உலக சாம்பியனாக இருந்த பாபி ஃபிஷருக்கு மிகவும் பிடித்த செட் இது. இன்று பலர் இதன் மறுபதிப்பைச் செய்கிறார்கள். குதிரையில் செதுக்கு வேலை குறைவு என்பதால், அதே தரத்தில் செய்த நுணுக்கமான ஸ்டான்டன் செட்டைவிட இது விலை குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

"பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்ற சமாதானம்

பெரிய செலவு செய்யும்போது மனசு சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. புதிய சொகுசுச் செட் வாங்கிய மறுநாளே பழைய செட்தான். பிரபலமான ஓர் உலகக் கோப்பைச் செட்டோ ஃபேஷன் நிறுவனம் வெளியிட்ட செட்டோ கூடப் பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்கக் கூடாது. லூயிஸ் செஸ் காய்களின் கதையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கிய 12-ஆம் நூற்றாண்டுக் காய்கள் அவை. 1964-இல் ஒருவர் 5 பவுண்டுக்கு வாங்கிய ஒரே ஒரு காய் 2019-இல் சோத்பி ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது. ஆனால் அது தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அரிய பழம்பொருள். இப்போது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் செட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மதிப்பு நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேக்ஸ் செட் போன்றவற்றில்தான். அவற்றில் ராஜா பக்கத்துக் குதிரையிலும் யானையிலும் ஒரு சின்னக் கிரீட முத்திரை இருக்கும். அந்தக் காலத்தில் நகர்த்தலை எழுதும்போது 'ராஜாவின் குதிரை', 'ராணியின் குதிரை' என்று பிரித்தே எழுதினார்கள். ஆட்டத்தின் நடுவில் எது எந்தப் பக்கத்தது என்று தெரிவதற்கு இந்த அடையாளம். இப்படிப்பட்ட பழைய செட் வாங்குவது தனிக் கலை. எந்தக் காய் பின்னால் மாற்றியது, எது ஒட்டியது என்று பார்க்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் இறங்காதீர்கள். யானைத் தந்தச் செட் பக்கமே போக வேண்டாம். 1989-இல் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் எடுத்த முடிவின்படி தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை இருக்கிறது. சட்டச் சிக்கலோடு, அந்தக் காயைத் தொட எனக்கு மனசும் ஒப்பாது.

ஆட ஆள் இல்லாதவர்களுக்கு

பக்கத்தில் ஆட யாரும் இல்லை, ஆட்டம் எல்லாம் இணையத்தில்தான் என்றால் அந்தப் பெரிய தொகைக்கு மின்னணுப் பலகையை யோசியுங்கள். நெதர்லாந்தின் டி.ஜி.டி. நிறுவனப் பலகைகள்தான் பெரிய போட்டிகளில் ஆட்டத்தை நேரலையாகக் காட்டப் பயன்படுகின்றன. ஒவ்வொரு காயின் அடியிலும் சின்ன மின்சுருள் இருக்கும், எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்பதைப் பலகை புரிந்துகொள்ளும். வேறு நாட்டில் இருக்கும் நண்பரோடு அசல் மரக் காய்களை நகர்த்தியே ஆடலாம். நாள் முழுக்கத் திரையில் ஆடிப் பழகியவர்கள் போட்டியில் அசல் பலகைக்கு முன் உட்கார்ந்தால் ஒரு காயைப் பார்க்காமல் விடுவது உண்டு. அதற்கும் இது நல்ல மருந்து. ஆனால் மரச் செட்டைப் போலப் பேரப்பிள்ளைகள் வரை வராது. மின்னணுப் பொருளுக்கு ஆயுள் இருக்கிறது, அதற்கென்று செய்த காய்கள்தான் அதில் வேலை செய்யும்.

ஆட்டத்தில் முன்னேறுவதுதான் குறி என்றால் பதில் இன்னும் சுலபம். பிளாஸ்டிக் செட், ஒரு நல்ல கடிகாரம், மீதிப் பணம் பயிற்சியாளருக்கும் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கும்.

வாங்குவது என்று முடிவானால்

என் கையில் அந்தத் தொகை இருந்தால் இப்படிச் செலவழிப்பேன். பாதிக்குச் சற்று மேல் காய்களுக்கு, மீதி பலகைக்கு. காய்கள் சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட், ராஜா 9.5 செ.மீ., குதிரையில் மட்டும் சமரசமே கிடையாது. கருங்காலிக்கு ஆகும் கூடுதல் பணத்தை ஒரு படி மேலான செதுக்கு வேலைக்குக் கொடுப்பேன். கருங்காலிதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அறையின் காற்று எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் வீட்டில் மட்டும்.

காய்களை முதலில் வாங்குங்கள், பலகை பிறகு. சிப்பாயின் அடி விட்டத்தை அளந்து, அதன் இரு மடங்கைக் கட்டத்தின் அளவாக வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய் சரியாக நிற்கும். மாதிரிப் படத்தை நம்பாமல், உங்களுக்கு அனுப்பப் போகும் அதே செட்டின் குதிரைகளை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு ராணிகள் வருகிறதா என்றும் கேளுங்கள். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாக மாறும்போது, ராணிக்குப் பதிலாகக் கவிழ்த்து வைக்க ஒரு யானையைத் தேட வேண்டியிருக்காது. பிறகு தனியாக ஒரு ராணி வாங்கினால் மரத்தின் நிறம் ஒத்துவருவதும் கஷ்டம். செட் கைக்கு வந்ததும் எட்டுச் சிப்பாய்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். உயரம் ஏறி இறங்கித் தெரிந்தால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.